ரங்கசாமிக்குக் கிடைத்த வேலை

'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தின் முடிவில் ரங்கசாமிக்கு வேலை கிடைத்துவிடுகிறது. இப்படிச் சொன்னால் படத்தை விரும்பியவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் நடப்பது அதுதான். ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து மலையேறி இறங்கிக்கொண்டிருந்தவன், காற்றாலை நிற்கும் இடத்தில் காவலாளி ஆகிறான். மழையில் வழுக்கும் பாதை இல்லை, கழுத்து நோவு இல்லை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. வேலைவாய்ப்பைக் கணக்கெடுக்கிற யாராவது அங்கே வந்திருந்தால் 'சுமைக்கூலியாக இருந்தவர், இன்று சம்பளக்காரர்' என்று எழுதிக்கொண்டு திருப்தியாகப் போயிருப்பார். காற்றாடி சுற்றுகிற அந்த மண் கொஞ்ச நாள் முன்புவரை அவன் பெயரில் இருந்தது என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இருந்திருக்காது.

2018 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த படம். லெனின் பாரதியின் முதல் படம். விஜய் சேதுபதி தயாரித்தார், தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தார், இளையராஜா இசையமைத்தார். வந்த நாளிலிருந்தே இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நிலமற்றவனின் துயரம், உலகமயம், இயற்கை என்று பல கோணங்கள். எல்லாம் சரிதான். நான் இதை வேலையைப் பற்றிய படமாக மட்டும் பார்க்க விரும்புகிறேன். யாருக்கு எந்த வேலை கிடைக்கிறது? அதை யார், எப்போது முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கும்போது படம் இன்னும் பெரிதாகிறது. அதே கேள்வி படத்தின் ஒரு பலவீனத்தையும் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் பலம். படத்தின் முன்பாதி கிட்டத்தட்ட முழுக்க ஒரு பாதையில் நடக்கிறது. விடியுமுன் கிளம்புகிறார்கள், ஏறுகிறார்கள், வழியில் டீ, வெற்றிலை, பேச்சு, மேலே தோட்டம், பிறகு மூட்டையோடு இறக்கம். கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. தியேட்டரில் எனக்குப் பக்கத்து வரிசையில் ஒருவர், "எப்பய்யா கதை ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். கதை ஆரம்பித்துவிட்டது. அந்தப் பாதைதான் அவர்களுடைய பணியிடம். அதற்குக் கேட் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, விபத்து நடந்தால் பதில் சொல்ல ஆளும் கிடையாது. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைக்கிற விதத்தையும், சரிவில் எந்தக் கல்லில் கால் வைக்கலாம் என்பது உடம்புக்கே தெரிந்திருப்பதையும் படம் அவசரப்படாமல் காட்டுகிறது. நடிகர்களோடு அந்த ஊர்ச் சனங்களையே கலந்து நடிக்கவைத்ததால் இது சாத்தியமாயிற்று. ஒத்தாசைக்கு வருகிறவர்களைத் தள்ளிவிட்டு, நானே தூக்குவேன் என்று வீம்பாக நிற்கும் வயதான சுமைக்காரர் ஒருவர் வருகிறார். அந்த வீம்புதான் அவருடைய பென்ஷன். தூக்க முடியாத நாள் வந்துவிட்டால் அவர் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இந்த மலையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரம் முழுக்க மலைச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கம் போடி, தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். தோட்டம் அங்கே, கூலியாட்கள் இங்கே. இப்போது போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடிகாலையில் ஜீப்புகள் ஏறுகின்றன. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ரோடு இல்லாத இடங்களில் முன்பு நடைதான். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாக உடும்பஞ்சோலைப் பக்கம் ரோடு வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் உயிர்பெறும். எங்கள் பக்கத்தில் 'மலைக்குப் போறாங்க' என்றால் தோட்ட வேலைக்குப் போகிறார்கள் என்றுதான் பொருள்.

இந்தச் சொல் எனக்கு ஒருமுறை வினோதமாகப் பயன்பட்டது. படிப்பு முடித்துச் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் கேட்போம், எங்களிடம் பாரபட்சம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்றாவதோ நான்காவதோ கேள்வி, "அப்பா என்ன பண்றார்?" நான் யோசிக்காமல் "மலைக்குப் போறாருங்க" என்றேன். "டிரெக்கிங்கா?" என்றார் ஒருவர். மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட மனதோடு சிரித்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு முன்னால் உள்ளே போனவரிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர் அப்பா ஆடிட்டர். அந்த ஆடிட்டரை உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மீதி நேரமெல்லாம் அந்தப் பேச்சுதான் என்று வெளியே வந்து அவரே மகிழ்ச்சியாகச் சொன்னார். ஒரே கேள்வி, ஒரே மேஜை, ஒரே நாற்காலி. சமவாய்ப்பு என்பதை இதற்குமேல் எப்படிக் கொடுப்பது?

வேலைத்தலத்தின் சமத்துவம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மேஜையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வாசலுக்கு வந்தவர்களை எப்படி நடத்துவது என்பதே அவர்கள் கவலை. லெனின் பாரதியின் படம் வாசலுக்கு முந்தைய கதையைச் சொல்கிறது. வாசல் நிற்கிற இடம் யாருடையது, இவன் ஏன் இந்த வாசலுக்கு வந்து நிற்க வேண்டியதாயிற்று என்று கேட்கிறது. தமிழ் சினிமாவில் இதைக் கேட்ட படங்கள் மிகக் குறைவு. பாலாவின் 'பரதேசி' (2013) கேட்டது. ஆனால் அது பி.எச். டேனியலின் நாவலைத் தழுவிய வெள்ளைக்காரன் காலத்துக் கதை. கங்காணியும் துரையும் செத்துப்போனவர்கள் என்பதால் நாம் நிம்மதியாகக் கோபப்படலாம். இதிலோ காற்றாலை நம் கண்முன் சுற்றிக்கொண்டிருக்கிறது. தேனியிலிருந்து வண்டியில் போனால் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

இனி எனக்குள்ள மனக்குறை.

ரங்கசாமியிடம் ஏன் நிலம் இல்லை? படத்தைப் பார்த்து முடித்த ஒருவரிடம் இதைக் கேட்டால், அவன் வாங்கப் போனபோதெல்லாம் ஏதாவது தடங்கல் வந்தது என்பார். ஒருமுறை விற்கிறவர் வீட்டுத் தகராறில் காரியம் நின்றுபோகிறது. இன்னொருமுறை ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் விழுந்து சிதறிக் கனவும் சிதறுகிறது. (அந்தக் காட்சியில் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது, நானும்தான்.) பிறகு ஒருவழியாக நிலம் கைக்கு வருகிறது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தகராறு கொலையில் முடிய, அவன் ஜெயிலுக்குப் போகிறான். வெளியே விதைக்கும் உரத்துக்கும் கடன் ஏறுகிறது. கடைசியில் நிலம் போகிறது. சம்பவங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: தகராறு, விபத்து, கொலை, கடன். கடன் ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடியவை. நல்ல மனிதனுக்கு நேரம் சரியில்லை என்று நாம் 'உச்' கொட்டுகிறோம்.

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் நிலமில்லாமை நேரம் சரியில்லாததால் வந்ததல்ல. 1895இல் முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே திரும்பியபோது பள்ளத்தாக்கின் தலையெழுத்து மாறியது. இருபோகம் வந்தது, பிறகு திராட்சையும் வாழையும் வந்தன. பென்னிகுயிக்கின் படம் இன்றும் இங்கே வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது, நியாயமாகவே. ஆனால் தண்ணீர் வயலுக்குத்தான் பாயும். வயல் யாரிடம் இருந்ததோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படித்தார்கள், வணிகம் செய்தார்கள், மலையில் தோட்டமும் வாங்கினார்கள். வயல் இல்லாதவர்களுக்கு அதே தண்ணீர் நாற்றுநடுகிற கூலியாக வந்து சேர்ந்தது. அணைக்கு மூன்று வருடம் முன்பு, 1892இல், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று சென்னை மாகாண அரசு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். அது எத்தனை கைகள் மாறி இன்று யார் பெயரில் இருக்கிறது என்ற வழக்கு தமிழ்நாடு முழுக்க இன்னும் ஓயவில்லை. ஆக யார் சுமப்பது, யார் கணக்கெழுதுவது, யார் ஸ்டோரில் காய் உலர்த்துவதை மேற்பார்ப்பது, யார் போடி ஏலத்தில் விலை கேட்பது என்பதெல்லாம் அன்றைக்கே ஏறக்குறைய தீர்மானமாகிவிட்ட விஷயம்.

படத்தில் சாதிப் பெயர் எதுவும் வெளிப்படையாக வருவதில்லை. இது தந்திரம் என்று சிலரும், முதிர்ச்சி என்று சிலரும் சொல்வார்கள். நான் இரண்டையும் முழுதாக ஏற்கவில்லை. பெயர் சொல்லாததால் ரங்கசாமி எல்லாருக்கும் சொந்தக்காரனாகிறான், எந்த ஊரில் படம் ஓடினாலும் சண்டை வரவில்லை. அந்த லாபம் உண்மைதான். ஆனால் அதற்காக இயக்குநர் விட்டுக்கொடுத்தது பெரிது. மலைப்பாதையில் நடப்பவர்களுக்குள்ளேயே படிநிலை உண்டு. காவல் வேலைக்குக் கூப்பிடப்படும் சாதி உண்டு, மலக்குழிக்கு மட்டுமே கூப்பிடப்படும் சாதியும் உண்டு. ரேகைச் சட்டத்தால் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட பிரமலைக் கள்ளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலம் இழந்தவர்கள் எல்லாரும் காவலாளி ஆவதில்லை. சிலருக்கு அந்த நாற்காலியும் கிடையாது. ரங்கசாமிக்கு அந்த வேலையைக் கொடுத்தபோது அவனிடம் என்னத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பதைப் படம் கேட்டிருக்க வேண்டும்.

ஒதுக்கீடு என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு சமவாய்ப்பைத் தருகிறது, ஆனால் அரசு வேலையில். தனியார் ஏலத்தோட்டத்துக்கும் காற்றாலைக் கம்பெனிக்கும் அது பொருந்தாது. தோட்டங்களுக்கென்று 1951இல் தனிச் சட்டம் வந்தது. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் என்று அதில் நல்ல விஷயங்கள் இருந்தன. ஆனால் 5 ஹெக்டேருக்கும் 15 ஆட்களுக்கும் குறைவான தோட்டங்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. ஏலத்தில் சின்னத் தோட்டங்கள்தான் அதிகம். ஜீப்பில் போய் ஜீப்பில் திரும்புகிறவர்களுக்கு வீடு கட்டித்தர வேண்டிய கேள்வியே எழாது. ரங்கசாமியின் பாதையில் சட்டம் நடக்கவே இல்லை என்று படம் வசனமில்லாமல் உணர்த்துவது இதைத்தான்.

சட்டம் நடக்காத பாதையில் கட்சி நடந்தது. படத்தில் சாக்கோ என்ற கம்யூனிஸ்ட் வருகிறார். முரட்டு நேர்மை, தலைமையின் மேல் நம்பிக்கை, அந்த நம்பிக்கை உடைகிறபோது வருகிற ஆவேசம் எல்லாம் சேர்ந்த மனிதர். தமிழ் சினிமாவில் வந்த கம்யூனிஸ்டுகளில் இவ்வளவு ரத்தமும் சதையுமாக ஒருவரை நான் பார்த்ததில்லை. இந்தப் படத்துக்கு இளையராஜா இசையமைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடி வாக்குக் கேட்டவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன். பண்ணைப்புரத்திலிருந்து கூடப்போன சிறுவன்தான் பின்னாளில் இளையராஜா. அந்தத் தேர்தலில் ரோசம்மா வென்றார். இந்தப் படத்தில் அவர் இசையை அடக்கியே வாசிக்கிறார். பல இடங்களில் காற்றுக்கும் காலடிக்கும் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

அந்த 1958க்கும் படத்தின் சாக்கோவுக்கும் அப்பால் இன்னொரு அத்தியாயம் உண்டு. படத்தின் கண்ணில் அது படவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள், அதிலும் பெரும்பகுதி தலித் பெண்கள். தலைமுறைகளுக்கு முன்பு கங்காணிகள் அழைத்துப்போன குடும்பங்கள். கண்ணன் தேவன் கம்பெனி 20 விழுக்காடு போனஸை 10 ஆகக் குறைத்தது உடனடிக் காரணம். ஆனால் கோபம் கம்பெனியோடு நிற்கவில்லை. ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்கள் எல்லாவற்றையும், கொடி நிறம் பார்க்காமல், பந்தலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர். ஒன்பது நாளில் 20 விழுக்காட்டையே வேறு தலைப்பில் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆனது. அவர்கள் கேட்டதோ 500.

அந்தப் பெண்கள் எடுத்துவைத்த பல விஷயங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது வீடு. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊரில் நிலமோ வீடோ இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பிள்ளைகளில் ஒருவர் அதே கொழுந்துக்கூடையை எடுத்தால் வீடு தப்பிக்கும். படித்த பிள்ளையாக இருந்தாலும் யாராவது ஒருவர் எடுத்தாக வேண்டும். இங்கே சாதியும் பிறப்பும் வேலையைத் தீர்மானிக்க மேலாளர் யாரும் பாரபட்சம் காட்டத் தேவையில்லை. வாடகை ஒப்பந்தமே அதைச் செய்துவிடும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண்சரிந்து புதைந்தவை இப்படிப்பட்ட லயங்கள்தான். 70 பேர். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று தலைமுறைகள் சேர்ந்து செத்ததை விதி என்று பலர் எழுதினார்கள். வேலை அப்படித் தலைமுறையாக இறங்கி வந்தது, அதனால் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள்.

இந்த இடத்திலிருந்து படத்துக்குத் திரும்பினால் என் கண் ரங்கசாமியை விட்டு ஈஸ்வரியிடம் போகிறது. அவன் ஜெயிலில் இருக்கும் வருடங்களில் அந்த நிலத்தைக் கட்டிக் காத்தவள் அவள். விதை வாங்கியவள், உரத்துக்குக் கடன் சொன்னவள், கைக்குழந்தையோடு களையெடுத்தவள். விவசாயி என்று அந்தப் படத்தில் யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவளைத்தான் சொல்ல வேண்டும். காயத்ரி கிருஷ்ணா மிகக் குறைந்த பேச்சில் இதைச் செய்திருக்கிறார். ஆனால் அந்த வருடங்கள் படத்தில் சட்டென்று ஓடிவிடுகின்றன. ரங்கசாமி மலையேறும் ஒரு காலைக்குக் கொடுத்த நேரத்தில் பாதிகூட ஈஸ்வரியின் அத்தனை பருவங்களுக்கும் கிடைக்கவில்லை. சுமை தூக்குவதைத் தொழிலாகப் பார்க்கத் தெரிந்த கேமரா, பெண்ணின் வேளாண்மையைக் குடும்பப் பொறுப்பாகப் பார்த்துவிட்டது. நிலம் போனபின் அவனுக்குக் காவலாளி நாற்காலி. அவளுக்கு?

பள்ளத்தாக்கில் இதற்கு விடை சுலபம். விடிகாலை ஜீப்பு. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில் தரையையொட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். பழுத்து வெடிக்குமுன் பக்குவமான காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ, ஈரத்திலும் அட்டைக்கடியிலும் செய்கிற வேலை. பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7000 ரூபாய்வரை போனது. அந்த விலை வந்த வருடத்தில் குத்தவைத்திருந்தவரின் நாள்கூலி அதே வேகத்தில் ஏறியதாக எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. இதைவிட இலேசான வேலை வேண்டுமென்றால் போடியில் ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்கப் போகலாம். தரையில் உட்கார்ந்து காய்களைப் பருமனும் நிறமும் பார்த்துப் பிரிக்க வேண்டும். கை அனுபவம் உள்ள பெண்கள் பார்வையிலேயே மில்லிமீட்டர் சொல்வார்கள். ஆனால் பிரித்த காயைக் கையில் அள்ளிப் பார்த்து விலை கேட்கிற அந்த நாற்காலி வரிசையில், நான் எட்டிப் பார்த்தவரை, சேலை தெரிந்ததில்லை.

லெனின் பாரதிக்கு இந்த உலகம் தெரியாததல்ல. ஒரு டீக்கடைப் பெஞ்சையும் ஒரு வசவையும் வைத்து அவர் உருவாக்கும் மனிதர்கள் அதற்குச் சாட்சி. அதனால்தான் குறையாகப் படுகிறது. படம் முடிகையில் கேமரா மேலே எழும்பி, ரங்கசாமி சின்னப் புள்ளியாகி, காற்றாடிகள் வரிசையாகத் தெரியும். அழகான காட்சி, வலிக்கிற காட்சி. ஆனால் கேமரா அவ்வளவு உயரம் போகாமல் அன்றைய தினம் ஊருக்குள் ஈஸ்வரி எத்தனை மணிக்கு எழுந்தாள், எந்த ஜீப்பில் இடம் பிடித்தாள் என்று பார்க்கப் போயிருக்கலாம். அந்தப் படத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க நினைப்பவர்கள் விடிகாலை நாலரைக்குப் போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால் போதும், ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.